வைத்தியர் கிறீன்

அமெரிக்காவில் வூஸ்டர் நகரில் 1822-இல் பிறந்த சாமுவேல் கிறீன், 1847-இல் யாழ்ப்பாணம் போந்து, மறு ஆண்டே மாணாக்கர் சிலருக்கு மேனாட்டு வைத்தியம் பயிற்றலானார். மானிப்பாய் அவர்தம் நிலையமாயிற்று. ஆங்கிலத்திற் கற்றுத் தேறியோரோ, கிராமங்களை விட்டு அரசாங்க உத்தியோகம் நாடிச் சென்றனர். நோயாளர் எஞ்சினர், வைத்தியர் எஞ்சினாரல்லர். ஆதலின் 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார்.

துணிந்தது சரி, பாடநூல் எங்கே? எலும்புக்கும் நரம்புக்கும் பெயர் தேடி, தம் மாணாக்கரையே துணைக்கொண்டு மொழிபெயர்த்தார். ‘இரணவைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’ முதலியன அவ்வாறு எழுந்தனவே. அச்சிட்ட கலைச்சொற் பட்டியலைக் கையில் வைத்தும் தடுமாறும் நாம், பட்டியலே இல்லாத அவ்வகுப்பின் உழைப்பை ஒருவாறே உணர்தல் கூடும். 1873-இல் தாயகம் மீண்ட பின்னும் அவர் தமிழ்நூற்பணியை விட்டாரல்லர். 1884-இல் வூஸ்டரிலே காலமானார். அங்குள்ள அவர் கல்லறைக் கல்லில் தமிழர் பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது.