கோடு போட்டே புகழ் பெற்றார்!

வெள்ளைப் பரப்பில் நாலைந்து கறுப்புக் கோடுகள். இடையே சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள். படம் அவ்வளவுதான்!

பள்ளிக்கூடத்துப் பையன்கூட இதைப் போட்டுவிடுவானே என்று யாருக்கும் தோன்றும். ஆனால், அந்தக் கோடுகளுக்கு வந்து சேர, போட்டவருக்கு ஏறக்குறைய 30 ஆண்டுகள் பிடித்தன. அவர்தான் ஹாலந்து நாட்டு ஓவியர் பீட் மோண்ட்ரியான். 2022-ம் ஆண்டில் அவருடைய படம் ஒன்று நியூயார்க்கில் 5 கோடியே 10 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. உயிரோடு இருந்தபோதோ, அவர் வயிற்றுப்பாட்டுக்குப் பூப்படம் எழுதி விற்றார்.

தலைமை ஆசிரியர் மகன்

மோண்ட்ரியான் 1872-ம் ஆண்டு மார்ச் 7-ந் தேதி அமர்ஸ்போர்ட் என்ற ஊரில் பிறந்தார். தந்தை பள்ளித் தலைமை ஆசிரியர், மதப்பற்று மிகுந்தவர், கண்டிப்பானவர். மகன் சித்திர ஆசிரியராகிவிட்டால் போதும் என்பது அவர் எண்ணம். மகன் அதற்கான பரீட்சைகளில் தேறினார். ஆனால் உத்தியோகத்தை நாடவில்லை. 20-வது வயதில் ஆம்ஸ்டர்டாம் ஓவியக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார்.

காற்றாலை, ஆற்றங்கரை, பண்ணை வீடு, மாலை வெயில்... இவைதாம் முதலில் அவர் தீட்டியவை. பார்த்தவர்கள் மெச்சினார்கள். அப்படியே இருந்திருந்தால் கவலையின்றிக் காலம் தள்ளியிருக்கலாம். மனம் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் இயற்கைக்குப் பின்னால் மாறாத ஓர் ஒழுங்கு இருக்கிறது. அதைத்தான் தீட்ட வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1909-ல் பிரம்ம ஞான சபையில் சேர்ந்தார். நம் சென்னை அடையாறில் தலைமை நிலையம் கொண்டுள்ள அதே சபைதான்!

அந்த ஆண்டே, பளிச்சென்ற வர்ணங்களில் தீட்டிய படங்களை ஆம்ஸ்டர்டாமில் காட்சிக்கு வைத்தார். பத்திரிகைகள் பரிகசித்தன. இது நோயின் அறிகுறி என்றுகூட எழுதினார்கள்.

மரம் மறைந்தது

ஒரு மரம் அவர் கையில் என்ன பாடுபட்டது என்று பாருங்கள். 1908-ல் தொடங்கிய படத்தில் அது நீல வானத்தடியில் சிவப்பாக எரிகிறது. ஆனாலும் மரம் மரம்தான். 1911-ல் தீட்டிய படத்தில் வர்ணம் போய்விட்டது. சாம்பல் நிறத்தில் கிளைகள் வில்லாக வளைந்து நிற்கின்றன. 1912-ல் பூத்த ஆப்பிள் மரம் ஒன்றை எழுதினார். அதில் பூவும் இல்லை, இலையும் இல்லை, வளைகோடுகள் மட்டுமே. தலைப்பைச் சொன்னால்தான் மரம் என்று தெரியும்!

இதற்கிடையே, நிச்சயமாகியிருந்த திருமணத்தை 1911-ல் முறித்துக்கொண்டு பாரிசுக்குப் புறப்பட்டார். அப்போது வயது 40-ஐ நெருங்கியிருந்தது. பிறகு அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை.

1914-ல் நோயுற்ற தந்தையைப் பார்க்க ஊர் வந்தார். உலக யுத்தம் மூண்டது. திரும்ப வழியில்லை. ஐந்து ஆண்டுகள் ஹாலந்திலேயே தங்கினார். கடற்கரையில் நின்று அலையைப் பார்த்தார். படத்தில் விழுந்தவையோ கூட்டல், கழித்தல் குறிகளைப் போன்ற சிறு கோடுகள்! படுத்த கோடும் நின்ற கோடும் போதும் என்ற முடிவுக்கு அங்கேதான் வந்தார்.

1917-ல் நண்பர் வான் டூஸ்பர்க் தொடங்கிய 'டி ஸ்டைல்' பத்திரிகையில் தம் கொள்கையை எழுதினார். அந்த நண்பர் பின்னால் சாய்வுக் கோட்டைப் புகுத்தியபோது, நட்பையே முறித்துக்கொண்டார். ஒரு கோடு சாய்ந்ததற்காகப் பிரிந்த நண்பர்கள் உலகில் வேறு யார் இருக்கிறார்கள்!

1919-ல் மீண்டும் பாரிஸ். ரயில் நிலையத்தை ஒட்டிய சந்தில் ஓர் அறை. வெள்ளைச் சுவரெங்கும் வர்ண அட்டைகள். படங்களை வாங்குவார் அரிது. பட்டினிக்குப் பயந்து, அவர் துறந்துவிட்ட பூக்களையே எழுதி, ஹாலந்து நண்பர்கள் மூலம் விற்றார். மாலையில் மட்டும் நடனசாலைக்குப் போய்விடுவார். ஜாஸ் சங்கீதம் என்றால் உயிர்!

குண்டு விழுந்தது

1937-ல் ஹிட்லர் ஆட்சி, சீரழிந்த கலை என்று பழித்து நடத்திய கண்காட்சியில் இவர் படங்களும் மாட்டப்பட்டன. யுத்தம் வரும் என்று கண்டு, 1938-ல் லண்டன் போனார். அங்கும் 1940 செப்டம்பரில் குண்டு மழை. அடுத்த மாதமே நியூயார்க்கில் கரையிறங்கினார். வயது 68.

கிழவர் அங்கே இளைஞரானார்! நேராக ஓடும் வீதிகள், மின்னும் விளக்குகள், பூகி-வூகி இசைத்தட்டுகள் எல்லாம் அவரை மயக்கின. 20 ஆண்டுகளாகக் கட்டிக்காத்த கறுப்புக் கோட்டைக் கைவிட்டார். மஞ்சள் கோடுகள் வீதிகளாக ஓட, அவற்றின்மேல் சிவப்பும் நீலமும் சிறு சதுரங்களாகத் துள்ளும் 'பிராட்வே பூகி-வூகி' 1943-ல் முடிந்தது. அவர் படங்களில் இதுவே சிகரம்.

அடுத்த படமான 'விக்டரி பூகி-வூகி' முடியவில்லை. 1944 பிப்ரவரி 1-ந் தேதி நிமோனியாவால் காலமானார். அந்தப் படத்தில் ஒட்டிப் பார்த்த வர்ண நாடாத் துண்டுகள் அப்படியே இருந்தன. 1998-ல் அது 8 கோடி கில்டருக்கு ஹாலந்துக்கு வாங்கப்பட்டது.

தலைகீழ்ப் படம்

வர்ண நாடாக்களை ஒட்டியே அவர் செய்த இன்னொரு படம் 'நியூயார்க் சிட்டி 1'. ஜெர்மனியின் டுசல்டார்ப் அருங்காட்சியகத்தில் இருப்பது. அது பல ஆண்டுகளாகத் தலைகீழாகத் தொங்குகிறது என்று 2022-ல் தெரியவந்தது! அவர் இறந்தபின் அறையில் எடுத்த ஒரு போட்டோவில், நாடாக்கள் நெருங்கிய பக்கம் மேலே இருந்தது. திருப்பி மாட்டினால் பழைய நாடாக்கள் பிய்ந்து விழும் என்று அஞ்சி, படத்தை அப்படியே விட்டுவிட முடிவு செய்தார்கள்.