சத்தியம் செய்ய மறுத்த சான்சலர்

உண்மைக்கும் ஆணைக்கும் நம் தமிழில் சத்தியம் என்ற ஒரே சொல் வழங்குகிறது. அந்த ஒரு சொல்லுக்காகத் தலையைக் கொடுத்தவர் புனித தாமஸ் மோர்.

அவர் 1478-இல் லண்டன் மாநகரில் வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார். தாமும் வழக்கறிஞராகி, 1529-இல் இங்கிலாந்தின் சான்சலர் ஆனார். அரசருக்கு அடுத்த பெரும் பதவிகளுள் ஒன்று அது. அவர் பதவியில் இருந்த நாட்களில் பதிதர் எனத் தீர்ப்பிடப்பட்ட சிலர் தீயிலிடப்பட்டனர். அத்தண்டனையை அவரும் ஆதரித்தார். உண்மையைப் பற்றி எழுதும் நாம் இதை மறைத்தல் ஆகாது.

எட்டாம் ஹென்றி அரசர் கத்தரீன் அரசியை விலக்கி வேறு மணம் புரிய விழைந்தார். திருச்சபையையும் தம் அதிகாரத்திற்குள் கொண்டுவந்தார். 1532-இல் மோர் பதவி துறந்தார். வருமானம் சுருங்கியது, வீட்டில் சிக்கனம் புகுந்தது. 1534-இல் அரசு விதித்த சத்தியத்தைச் செய்ய மறுத்ததால் லண்டன் கோபுரச் சிறையில் அடைக்கப்பட்டார். அவர் அரசரைத் தூற்றவில்லை, கலகம் மூட்டவில்லை. மறுப்பின் காரணத்தைக்கூடச் சொல்லாமல் மௌனம் காத்தார். ஆயர்களில் பெரும்பாலோர் அந்தச் சத்தியத்தைச் செய்துவிட்டனர். அருமை மகள் மார்கரெட்டும் சிறைக்கு வந்து மன்றாடினாள். வாயால் ஒரு வார்த்தை சொன்னால் வீடு திரும்பலாம். மனம் ஒப்பாததை இறைவன் பெயரால் சொல்ல அவரால் இயலவில்லை.

1535 ஜூலை 1 அன்று விசாரணை நடந்தது. ரிச்சர்ட் ரிச் என்ற அரசு வழக்கறிஞர் அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னார். அது பொய்ச்சாட்சி என்று மோர் மறுத்தும் பயனில்லை. ஜூலை 6 அன்று அவர் தலை வெட்டுண்டது. ரிச் பின்னாளில் அதே சான்சலர் பதவியில் அமர்ந்தார். பொய் இவ்வுலகில் பதவி பெறுவதுண்டு. அதை நாம் அறியாதவர்கள் அல்ல.

பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் 1935-இல் மோருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். 2000-இல் பாப்பரசர் 2-ஆம் அருள் சின்னப்பர் அவரை அரசியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார்.

நாமும் சத்தியம் செய்பவர்களே. திருமண விசாரணையில் விவிலியத்தைத் தொட்டுச் சாட்சி சொல்கிறோம். சொத்து வழக்கில் கூண்டேறுகிறோம். உறவினருக்காக, ஊருக்காக ஒரு சொல்லைக் கூட்டியும் குறைத்தும் பேச நேர்கிறது. அவ்வேளையில் கோபுரச் சிறையில் மௌனமாய் அமர்ந்திருந்த இந்தக் குடும்பத் தலைவரை நினைத்துக்கொள்வோம். புனித தாமஸ் மோர் நமக்காக வேண்டிக்கொள்வாராக.