காலத்தை வரையறுத்த கோல்டிங்காம்

பொம்மையார்பாளையத்தில் சூரியன் உச்சியடைவது சென்னைக்கு ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் பிந்தியேயாம். இங்ஙனம் ஊர்தோறும் நேரம் வேறுபட்டிருந்த காலத்தில், நுங்கம்பாக்கம் வானாராய்ச்சி நிலையத்தில் தொண்டாற்றியவர் ஜான் கோல்டிங்காம். பிற்காலத்தில் இராஜாஜி மண்டபமெனப் பெயர்பெற்ற மாளிகையை வகுத்தவரும் இவரே. வியாழனின் துணைக்கோள்கள் மறையும் கணங்களைக் குறித்துச் சென்னையின் தீர்க்கரேகையை ஆராய்ந்தார். 1802-ஆம் ஆண்டில், சென்னை நேரம் கிரீன்விச் நேரத்திற்கு ஏறக்குறைய 5 மணி 21 நிமிடம் முற்பட்டதென நிறுவினார். இந்திய இரயில்கள் பெரும்பாலும் பின்னர் அந்நேரத்தையே கைக்கொண்டன. 1849-இல் அவர் காலமானார்.

1906-இல் அவ்வேறுபாடு 5½ மணியாக விதிக்கப்பட்டது. 1942 முதல் 1945 வரை யுத்தத்தின் பொருட்டுக் கடிகாரங்கள் இன்னும் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. ஆணைகள் மாறும், எந்நாளில் எவ்வளவு மாறிற்றென்னும் குறிப்பு இல்லையேல் பழைய பதிவுகளிற் கண்ட நேரம் பொருளற்றுப்போம். கோல்டிங்காம் அளந்து எழுதிவைத்தமையாலன்றோ, மறைந்துபோன சென்னை நேரத்தை நாம் இன்றும் கணக்கிட்டு அறிகின்றோம்!