மாறியை விளக்கிய மங்கை

நம் வகுப்புக் கரும்பலகையின் மூலையில் நாள்தோறும் ‘வந்தோர்’ என்று எழுதி, எதிரே எண் இடுகிறோம். நேற்று 42, இன்று 39. பழைய எண் அழிந்து புதிய எண் வருகிறது. ‘வந்தோர்’ என்ற பெயரோ அப்படியே நிற்கிறது. கணிப்பொறிப் பாடத்தில் நாம் படிக்கும் ‘மாறி’யும் இத்தகையதே. பெயர் நிலைக்கும், அதில் தங்கும் மதிப்பு மாறும். இதை 1843ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதிய அடா லவ்லேஸ் அம்மையாரின் வரலாற்றைக் காண்போம்.

அடா 1815 டிசம்பர் 10 அன்று இலண்டனில் பிறந்தார். தந்தை புகழ்பெற்ற கவிஞர் பைரன் பிரபு. பிறந்த சில வாரங்களிலேயே பெற்றோர் பிரிந்தனர். அதன்பின் அவர் தந்தையைக் காணவே இல்லை. கணிதத்தில் பற்றுள்ள தாய், மகளுக்கும் அதையே கற்பித்தார். 1829இல் தட்டம்மை கண்டு அடா நெடுநாள் படுக்கையில் கிடந்தார். பின்னர் ஊன்றுகோல் பிடித்து நடந்தார். ஆயினும் படிப்பை விடவில்லை. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறவாத காலமாதலால் வீட்டிலிருந்தே பயின்றார்.

1833இல் சார்லஸ் பாபேஜ் என்ற கணித அறிஞரைச் சந்தித்தார். பாபேஜ் பின்னர் எல்லாக் கணக்கும் செய்யவல்ல பெரும்பொறி ஒன்றைத் திட்டமிட்டார். அதைப் பற்றி இத்தாலியரான மெனப்ரியா 1842இல் பிரெஞ்சில் கட்டுரை எழுதினார். அடா அதை ஆங்கிலத்தில் பெயர்த்து, அதைப்போல் ஏறக்குறைய மும்மடங்கு நீளமுள்ள குறிப்புகளையும் சேர்த்தார். அப்போது அவருக்கு வயது 27. மூன்று குழந்தைகளின் தாய்!

அப்பொறியில் எண்களை வைக்கப் பற்சக்கரங்கள் அடுக்கிய தூண்கள் உண்டு. ஒவ்வொரு தூணும் ஒரு மாறி. அடாவின் பட்டியல்படி இரண்டாம் தூணில் 2, மூன்றாம் தூணில் 4 இருந்தால், பெருக்கிய விடையான 8 நான்காம் தூணுக்குச் செல்லும். அடுத்து அதிலிருந்து 1 கழிக்கப்படும். 8 மறைந்து அதே தூணில் 7 நிற்கும். தூணின் மதிப்பு எத்தனையாவது முறை மாறியது என்பதைச் சிறு எண்ணால் குறிக்கும் முறையையும் அவர் விளக்கினார். பாபேஜ் அனுப்பிய கணக்கில் பெரும்பிழை ஒன்றையும் கண்டு திருத்தச் செய்தார். கட்டுரையிலோ தம் முழுப்பெயரை இடாமல் முதலெழுத்துகளை மட்டுமே இட்டார்.

அந்தப் பொறி கட்டி முடிக்கப்படவே இல்லை. கண்ணால் காணாத பொறிக்காக அவர் எழுதிய அப்பட்டியலையே உலகின் முதல் கணிப்பொறி நிரல் எனப் பலரும் போற்றுகின்றனர். புற்றுநோயால் வருந்திய அடா 1852 நவம்பர் 27 அன்று, 36ஆம் வயதில் மறைந்தார். அவர் விருப்பப்படியே, வாழ்நாளில் முகமறியாத தந்தையின் அருகில் அடக்கம் செய்யப்பட்டார். 1979இல் ஒரு கணிப்பொறி மொழிக்கு ‘அடா’ என்றே பெயர் சூட்டப்பட்டது.

தோழியரே! நோயும் தடையும் வந்தபோதும் அடா தம் தாலந்தை மண்ணில் புதைக்கவில்லை. நாமும் இறைவன் தந்த அறிவைப் பேணுவோம். நம் பெயர் மாறாது நிற்க, மதிப்பு மட்டும் நாளும் உயரட்டும்!