தோரோவின் வசந்த கால டைரி: 170 வருடத்துக்கு முந்தைய தேதிகள் இன்று ஏன் தேவைப்படுகின்றன?

மார்ச் மாதக் கடைசி. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் உள்ள கான்கார்டு ஊரில், மர நிழல்களில் இன்னும் பனி கிடக்கும். மரங்களில் இலை துளிர்த்திருக்காது. ஆனால் ஒருநாள் நல்ல வெயில் அடித்தால் போதும், கரும்பழுப்புச் சிறகும் வெளிர்மஞ்சள் ஓரமும் கொண்ட ஒரு பட்டாம்பூச்சி எங்கிருந்தோ கிளம்பிப் பறக்கும். 1850-களில் அதைப் பார்த்ததும் தேதி போட்டு எழுதிவைத்தவர் ஹென்றி டேவிட் தோரோ.

ஆமாம், அதே தோரோதான். வரி கட்ட மறுத்து 1846-ல் ஒரு ராத்திரி சிறையில் இருந்தவர். அதைத் தொடர்ந்து அவர் எழுதிய ஒத்துழையாமை கட்டுரையை காந்தி தென்னாப்பிரிக்காவில் படித்தார். நம்மில் பலருக்கு அவரைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். அவர் அதிக நேரம் செலவழித்த வேலையோ வேறு.

பனிக்கு நடுவே பட்டாம்பூச்சி எப்படி?

குளிர் நாடுகளில் பெரும்பாலான பட்டாம்பூச்சிகள் முட்டையாகவோ, புழுவாகவோ, கூட்டுப்புழுவாகவோதான் குளிர்காலத்தைக் கடக்கும். 'மோர்னிங் க்ளோக்' என்ற இந்த இனம் கொஞ்சம் வித்தியாசம். முழு வளர்ச்சி பெற்ற பூச்சியாகவே மரப்பட்டை இடுக்குக்குள் போய் ஒடுங்கிவிடும். உடம்பு உறைந்துபோகாமல் தடுக்கும் வேதிப்பொருள்கள் அதற்குள் இருக்கின்றன. வெயில் வந்ததும் வெளியே வந்து, கருஞ்சிறகை விரித்துச் சூடேற்றிக்கொள்ளும். அந்த நேரத்தில் தேன் குடிக்கப் பூக்கள் ஏது? ஓக் மரத்தில் கசியும் சாறுதான் சாப்பாடு. அதனால்தான் அங்கே வருடத்தின் முதல் பட்டாம்பூச்சி பெரும்பாலும் இதுவாக இருக்கிறது.

பென்சில் வீட்டுப் பையன்

தோரோ 1817-ல் கான்கார்டில் பிறந்தார். அப்பாவுக்கு பென்சில் தயாரிக்கும் தொழில். ஹார்வர்டில் படித்துவிட்டு வந்த மகன், கிராஃபைட்டுடன் களிமண்ணைக் கலந்து அந்தப் பென்சிலின் தரத்தை உயர்த்தினார். நிலம் அளக்கும் சர்வேயர் வேலையும் பார்த்தார். ஆனால் ஊர்க்காரர்கள் கண்ணுக்கு அவர் உருப்படியாக எதுவும் செய்யாமல் காட்டில் சுற்றுகிற ஆள். போதாக்குறைக்கு 1844-ல், பிடித்த மீனைச் சமைக்க அவர் மூட்டிய தீ பரவி சுமார் 300 ஏக்கர் காடு எரிந்துபோனது. ஊர் அதை லேசில் மறக்குமா?

அடுத்த வருடம் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு இரண்டு வருடத்துக்கு மேல் வாழ்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். அடர்காட்டுத் தனிமை என்று நினைத்துவிட வேண்டாம். ஊர் இரண்டரை கிலோமீட்டர் தூரம்தான்.

1850-களில் நடை ஒரு ஒழுங்குக்கு வந்தது. தினமும் மதியம் பல மணி நேரம். கையில் நோட்டு, பென்சில், அங்குலக் குறி போட்ட தடி. பறித்த செடியை வைக்கத் தலையிலேயே தொப்பி. எந்தப் பூ எந்தத் தேதியில் மலர்ந்தது, எந்தப் பறவை வந்தது, குளத்தில் பனிக்கட்டி எப்போது உருகியது, முதல் பட்டாம்பூச்சி எப்போது பறந்தது என எல்லாம் நோட்டில் ஏறின. 1837-லிருந்து 24 வருடம் அவர் எழுதிய நாட்குறிப்பு சுமார் 20 லட்சம் வார்த்தைகள்.

முடியாத அட்டவணை

கடைசி வருடங்களில் இந்தத் தேதிகளை எடுத்துப் பெரிய தாள்களில் கட்டம் கட்ட ஆரம்பித்தார். இடது பக்கம் நிகழ்வுகள், மேலே வருடங்கள். இன்றைக்கு நாம் எக்செல் ஷீட் போடுவது மாதிரியே. கான்கார்டுக்கு எந்த வருடத்துக்கும் பொருந்தும் ஒரு இயற்கை நாட்காட்டி தயாரிப்பதுதான் திட்டம்.

1860 டிசம்பரில் வெட்டிய மரங்களின் வளையங்களை எண்ணப் போன இடத்தில் சளி பிடித்தது. ஏற்கெனவே இருந்த காசநோய் தீவிரமானது. 1861 நவம்பரில் அவர் எழுதிய கடைசிக் குறிப்பு, ரயில் பாதைச் சரளையில் மழை போட்ட கோடுகளைப் பற்றியது. 1862 மே 6, வசந்தத்தின் நடுவில், 44 வயதில் இறந்தார். அட்டவணைகளில் பல கட்டங்கள் காலியாகவே நின்றுவிட்டன.

மறுபடி அதே ஊரில்

2000-களின் தொடக்கத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் பிரைமாக், காலநிலை மாற்றத்தை அளக்கப் பழைய பதிவுகளைத் தேடினார். கிடைத்தவை தோரோவின் தேதிகள். தோரோவுக்குப் பிறகு அதே வேலையைத் தொடர்ந்த உள்ளூர்க் கடைக்காரர் ஆல்ஃபிரட் ஹாஸ்மரின் குறிப்புகளும் கைகொடுத்தன. பிரைமாக் தன் மாணவர் ஆபிரகாம் மில்லர்-ரஷிங்குடன் அதே ஊரில் நடந்து, அதே செடிகளைப் பார்த்தார். தோரோ காலத்தைவிட சராசரியாக 7 நாள் முன்னதாகவே பூக்கள் மலர்ந்தன. அவர் பதிவு செய்த தாவர இனங்களில் 27 சதவீதம் கான்கார்டில் இப்போது இல்லை.

பட்டாம்பூச்சி விஷயத்தில் ஒரு சிக்கல். பூக்களுக்கு இருந்த அளவுக்கு அவற்றுக்கு அன்று கையேடுகள் கிடையாது. அதனால் தோரோவின் பட்டாம்பூச்சிக் குறிப்புகள் பூக்களைப் போல இனவாரியாகக் கணக்கிட வசதியானவை அல்ல. எனவே பிரைமாக் குழு, மாசசூசெட்ஸின் அருங்காட்சியக மாதிரிகளையும் ஆர்வலர்கள் எழுதிவைத்த தேதிகளையும் எடுத்துக்கொண்டது. ஆய்வில் பார்த்த சிறு பட்டாம்பூச்சிகள் வெப்பமான வருடங்களில் சீக்கிரம் வெளிவந்தன. பூக்களும் தேனீக்களும்கூட வெயிலுக்கு ஏறக்குறைய இதே வேகத்தில் பதில் சொல்கின்றன. வலசை வரும் பறவைகள் அந்த அளவுக்கு மாறவில்லை. அவை வந்து சேர்ந்து குஞ்சு பொரிக்கும்போது ஊட்டப் போதுமான புழுக்கள் இருக்குமா என்பதுதான் இப்போது விஞ்ஞானிகளின் கவலை.