தேர்தலுக்கு முன்கூட்டியே வரும் கருத்துக்கணிப்பை எப்படிப் படிப்பது? ஜார்ஜ் கேலப்பின் வாழ்க்கை தரும் பாடம்

சனிக்கிழமை காலை திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குக் கிளம்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடிவாரத்தில் கல்லாறு பக்கம் நல்ல வெயில். 22 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மேலே போனால், எதிரில் வரும் வண்டியே தெரியாத மூடுபனி. கீழே நீங்கள் பார்த்த வெயில் பொய்யில்லை. ஆனா அது கீழே இருந்த வெயில், அவ்வளவுதான்.

ஓர் அதிபர் மீண்டும் ஜெயிப்பாரா என்று தேர்தலுக்குப் பல மாதங்கள் முன்பே வரும் கருத்துக்கணிப்பும் இப்படித்தான். அது அன்றைய நிலவரத்தைச் சொல்லும். தேர்தல் நாள் நிலவரத்தைச் சொல்லாது. இந்த வித்தியாசத்துக்குப் பெரிய விலை கொடுத்தவர், கருத்துக்கணிப்பு என்றாலே உலகம் முழுக்க நினைவுக்கு வரும் ஜார்ஜ் கேலப்.

யார் இந்த கேலப்?

1901 நவம்பர் 18 அன்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஃபர்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். பால் பண்ணை வைத்திருந்த குடும்பம். அயோவா பல்கலைக்கழகத்தில் படித்தபோது மாணவர் நாளிதழின் ஆசிரியராக இருந்தார். அங்கேயே 1928இல் முனைவர் பட்டம் வாங்கினார்.

அவருடைய ஆய்வுக் கேள்வி ரொம்ப எளிமையானது: மக்கள் செய்தித்தாளில் உண்மையிலேயே எதைப் படிக்கிறார்கள்? நேரடியாகக் கேட்டால் தலையங்கம் என்று கௌரவமாகச் சொல்வார்கள். கேலப் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்டி விசாரித்தார். அதிகம் பேர் பார்த்தது சித்திரக் கதைகளையும் படங்களையும்தான். கேட்கும் விதம் மாறினால் பதிலும் மாறும் என்பது அவருக்கு அப்போதே புரிந்துவிட்டது.

1932இல் நியூயார்க்கின் யங் அண்ட் ரூபிகாம் விளம்பர நிறுவனத்தில் சேர்ந்தார். அதே ஆண்டு அவருடைய மாமியார் ஓலா பாப்காக் மில்லர் அயோவா மாநிலச் செயலாளர் பதவிக்குப் போட்டியிட்டார். மருமகன் வாக்காளர்களின் மனநிலையைக் கணக்கெடுத்துக் கொடுத்தார். மாமியார் ஜெயித்தார். 1935இல் பிரின்ஸ்டன் நகரில் அமெரிக்கப் பொதுக்கருத்து நிறுவனத்தை கேலப் தொடங்கினார்.

1936: ஒரு கோடி சீட்டு தோற்ற கதை

அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் இரண்டாவது முறையாகப் போட்டியிட்டார். எதிரே ஆல்ஃப் லாண்டன். அன்றைக்குப் பெரிய பெயர் வைத்திருந்த லிட்டரரி டைஜஸ்ட் இதழ் சுமார் 1 கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பியது. 20 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. லாண்டனுக்கு 57% என்று இதழ் அறிவித்தது.

கேலப் அனுப்பியது அதில் ஒரு சிறு பங்குதான். ஆனாலும் ரூஸ்வெல்ட் ஜெயிப்பார் என்றார். கணிப்பு தவறினால் பணத்தைத் திருப்பித் தருவதாகத் தன் கட்டுரைகளை வாங்கிய செய்தித்தாள்களுக்கு வாக்குறுதியும் கொடுத்திருந்தார். தோற்றிருந்தால் நிறுவனத்தை மூட வேண்டியதுதான். டைஜஸ்ட் என்ன முடிவு சொல்லப்போகிறது என்பதைக்கூட, அவர்கள் சீட்டு அனுப்பும் முன்பே ஏறக்குறைய சரியாகச் சொல்லிவிட்டார்.

ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐப் பிடித்தார். டைஜஸ்ட் எங்கே சறுக்கியது? தொலைபேசிப் பட்டியலையும் கார் பதிவுப் பட்டியலையும் வைத்து முகவரி எடுத்தது. பொருளாதார நெருக்கடிக் காலத்தில் போனும் காரும் யாரிடம் இருக்கும்? போதாக்குறைக்கு, சீட்டைத் திருப்பி அனுப்பும் ஆர்வம் ரூஸ்வெல்டைப் பிடிக்காதவர்களிடம் அதிகமாக இருந்தது. இரண்டு ஆண்டுகளில் அந்த இதழே நின்றுபோனது.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம்ம ஊரில் சொல்வோம் இல்லையா? பானை முழுக்க ஒரே மாதிரி வெந்திருந்தால்தான் அது சரி. மேலாக இருக்கும் சோற்றை மட்டும் ஒரு கோடி எடுத்துப் பார்த்தாலும் அடியில் இருப்பது தெரியாது.

இங்கே பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. கேலப் ரூஸ்வெல்டுக்குக் கணித்தது ஏறக்குறைய 56%. கிடைத்ததோ ஏறக்குறைய 61%. வெற்றியாளரைச் சரியாகச் சொன்னதால் இந்த 5 புள்ளிப் பிழையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1948: கேலப்பே சறுக்கினார்

ரூஸ்வெல்ட் இறந்ததால் 1945இல் அதிபரான ஹாரி ட்ரூமன், 1948இல் பதவியைத் தக்கவைக்கப் போட்டியிட்டார். பதவிக்கு வந்த புதிதில் கேலப் கணிப்பில் 87% பேர் அவரை ஆதரித்தார்கள். 1948 வசந்த காலத்தில் அது 36% ஆகிவிட்டது. சொந்தக் கட்சியிலிருந்தே இரண்டு பேர் பிரிந்து தனியாக நின்றார்கள். எதிர்வேட்பாளர் தாமஸ் டூயிதான் அடுத்த அதிபர் என்று கிட்டத்தட்ட எல்லாருமே முடிவு கட்டிவிட்டார்கள்.

இன்னொரு பிரபலக் கணிப்பாளரான எல்மோ ரோப்பர், இனிமேல் கேட்கவே தேவையில்லை என்று செப்டம்பரிலேயே நிறுத்திக்கொண்டார். கேலப் அக்டோபர் நடுவில் நிறுத்தினார். ட்ரூமன் நிறுத்தவில்லை. ரயிலில் ஊர் ஊராகப் போய்ப் பேசிக்கொண்டே இருந்தார்.

கேலப்பின் கடைசிக் கணிப்பு டூயிக்கு சுமார் 50%, ட்ரூமனுக்கு சுமார் 45%. முடிவு கிட்டத்தட்ட தலைகீழ். டூயி வென்றதாகத் தலைப்பிட்ட சிகாகோ டிரிப்யூன் நாளிதழை ட்ரூமன் சிரித்தபடி தூக்கிக் காட்டும் புகைப்படம் இன்றைக்கும் சுற்றுகிறது. சில செய்தித்தாள்கள் கேலப்புடனான ஒப்பந்தத்தை ரத்து செய்தன.

சமூக அறிவியல் ஆய்வு மன்றம் அமைத்த குழு காரணங்களைத் தேடியது. கடைசி வாரங்களின் மாற்றத்தைப் பிடிக்காமல் முன்கூட்டியே நிறுத்தியது முக்கியமான தவறு. ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று ஒதுக்கீடு மட்டும் கொடுத்து, ஆளைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் களப்பணியாளரிடமே விட்டது மற்றொன்று. எளிதில் கிடைப்பவர்களையே, அதாவது கொஞ்சம் வசதியானவர்களையே அவர்கள் அதிகம் கேட்டார்கள். 1936இல் இருந்த அதே சாய்வு. அப்போது ஜெயித்ததால் வெளியே தெரியவில்லை.

கேலப் தொழிலை விடவில்லை. ஆளைத் தற்செயல் முறையில் தேர்ந்தெடுக்கும் வழிக்கு மாறினார், தேர்தல் நெருங்கும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார். 1984 ஜூலை 26 அன்று சுவிட்சர்லாந்தில் காலமானார். அப்போது ரொனால்ட் ரீகன் இரண்டாவது முறையாகப் போட்டியில் இருந்தார். 1983 ஜனவரியில் கேலப் கணிப்பில் ரீகனுக்கு இருந்த ஆதரவு 35% மட்டுமே. 1984 நவம்பரில் அவர் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். 1991இல் 89% தொட்ட மூத்த ஜார்ஜ் புஷ், அடுத்த ஆண்டே தோற்றார்.

அப்போ எதைப் பார்க்கணும்?

முதலில் தேதி. ஓராண்டு முன்பு எதிர்வேட்பாளரே முடிவாகியிருக்க மாட்டார். இலங்கையில் மகிந்த ராஜபக்ச 2014 நவம்பரில் முன்கூட்டியே தேர்தலை அறிவித்தார். அவர் அமைச்சரவையில் இருந்த மைத்திரிபால சிறிசேனவே பொது வேட்பாளராக எதிரில் வந்தார். 2015 ஜனவரியில் ராஜபக்ச தோற்றார்.

இரண்டாவது, யாரைக் கேட்டார்கள், எப்படித் தேர்ந்தெடுத்தார்கள். எண்ணிக்கை பெரிதாக இருப்பது மட்டும் போதாது.

மூன்றாவது, பிழை வரம்பு. சரியாக எடுத்த 1,000 பேர் மாதிரியிலேயே ஒவ்வொரு வேட்பாளரின் எண்ணும் சுமார் 3 புள்ளி மேலேயோ கீழேயோ போகலாம். இருவருக்கும் இடையிலான வித்தியாசத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். 4 புள்ளி முன்னிலை என்பது சமநிலையாகக்கூட இருக்கலாம்.

நான்காவது, ஓட்டு வேறு, ஆட்சி வேறு. அமெரிக்காவில் மாநிலவாரித் தேர்வாளர் கணக்குதான் முடிவு செய்யும். நம் குடியரசுத் தலைவரை எம்.பி., எம்.எல்.ஏ.க்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் மக்களவைத் தேர்தலில் இதே சிக்கல் நமக்கும் உண்டு. 2024இல் பா.ஜ.க. கூட்டணிக்கு 350க்கு மேல் என்று பல கணிப்புகள் சொல்லின. கிடைத்தது 293.

இதெல்லாம் வெறும் புள்ளிவிவர விளையாட்டு இல்லை. சர்வே முடிவைப் பார்த்துட்டு, இதுக்குப் போய் லீவு போட்டு ஊருக்குப் போகணுமா என்று பஸ் டிக்கெட்டை ரத்து செய்பவர்கள் நம்மில் நிறைய பேர். பொன்முடி அடங்கிய ஆற்றிங்கல் மக்களவைத் தொகுதியில் 2024இல் பதிவானவை 9 லட்சத்துக்கும் அதிகமான ஓட்டுகள். வெற்றி வித்தியாசம் 700 ஓட்டுகூட இல்லை. எந்தக் கருத்துக்கணிப்பாலும் அளக்க முடியாத அந்தச் சில நூறு பேர்தான் அங்கே எம்.பி. யார் என்பதைத் தீர்மானித்தார்கள்.