ஒரே ஒரு பைக்கைக் கழற்றிப் பூட்டிக் கத்துக்கிட்டவர்: யார் இந்த ஜி.டி. நாயுடு?

பழைய புல்லட் 500 வச்சிருக்கிறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இன்ஜினை முழுசா பிரிச்சு, போர் போட்டு, புது பிஸ்டன், ரிங் எல்லாம் மாட்டின பிறகு முதல் தடவை கிக்கரை மிதிக்கிற நேரம் இருக்கே, அப்போ ஒர்க்‌ஷாப்பில் பேச்சே நின்றுவிடும். கடலாடியாக இருந்தாலும் கோயம்புத்தூராக இருந்தாலும் அதே பதற்றம்தான். செய்த வேலை சரியா தப்பா என்பதை இன்ஜின்தான் சொல்லும்.

இந்தப் பரீட்சையை 100 வருடங்களுக்கு முன்பே, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் எழுதியவர் ஜி.டி. நாயுடு. 2025 அக்டோபரில் கோவை அவிநாசி சாலையில் திறக்கப்பட்ட 10.1 கி.மீ. மேம்பாலத்துக்கு இவர் பெயர்தான் வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் எல்லாம் தொடங்கியது ஒரு பைக்கில்.

பைக் மேல் வந்த ஆசை

முழுப்பெயர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. கோவை மாவட்டம் கலங்கல் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தார். படிப்பு தொடக்கப் பள்ளியோடு சரி. வகுப்பில் உட்காரவே பிடிக்காத பையன்.

வாலிப வயதில் ஒருநாள், வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். மாடும் இல்லை, குதிரையும் இல்லை, தானாக ஓடுகிற வண்டி! அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று முடிவு செய்தார். கையில் காசு இல்லை. கோவைக்கு வந்து ஹோட்டலில் சர்வர் வேலை பார்த்தார். பணத்தைச் சேர்த்து, கடைசியில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடமிருந்தே பைக்கை வாங்கினார். விலை 300 ரூபாய் என்று சொல்லப்படுகிறது.

வாங்கின பைக்கில் ஊர் சுற்றியிருக்கலாம். அவர் செய்தது வேறு. பைக்கை முழுசா கழற்றினார். திரும்பப் பூட்டினார். மறுபடி கழற்றினார்.

அது என்ன பைக்?

இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் தயாரான ரட்ஜ். 1911-ல்தான் அந்த நிறுவனம் சொந்தமாகத் தயாரித்த மோட்டார் சைக்கிளை விற்க ஆரம்பித்தது. ஒரே சிலிண்டர், 85 மி.மீ. போர், 88 மி.மீ. ஸ்ட்ரோக், மொத்தம் 499 சி.சி. நம்ம புல்லட் 500-ம் 499 சி.சி.தான், அதன் போர் 84 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அளவில் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி.

ஆனால் ரட்ஜில் கிக்கர் கிடையாது. பெடலை மிதித்தோ, தள்ளிக்கொண்டு ஓடியோதான் ஸ்டார்ட் செய்யணும். இன்ஜின் ஆயிலைக்கூட ஓட்டுகிறவர்தான் அவ்வப்போது கை பம்பை அழுத்தி அனுப்பணும். மறந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சர்வர் வேலையில் சேர்த்த மொத்தக் காசும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

பிரித்துப் பூட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

நட்டு போல்ட்டை முறுக்குவது இதில் சின்ன வேலை. இப்படி ஒரு பெரிய சிங்கிள் சிலிண்டரைப் பூட்டுகிற யாரும் நான்கு கட்டங்களைத் தாண்டியாக வேண்டும்.

முதலாவது ஆயில். பிளக்கைக் கழற்றிவிட்டு இன்ஜினை மெதுவாகச் சுற்றி, உள்ளே எல்லா இடத்துக்கும் ஆயில் போன பிறகுதான் ஸ்டார்ட் செய்யணும். காய்ந்த சிலிண்டரில் சில நொடிகள் ஓடினாலே புது ரிங்கில் கீறல் விழும்.

இரண்டாவது டைமிங். பிஸ்டன் மேலே வந்து சேர்வதற்குக் கொஞ்சம் முன்னாடி பிளக்கில் நெருப்புப் பொறி வரணும். ரொம்ப முன்னாடி வந்தால் இன்ஜின் திருப்பி அடிக்கும். புல்லட் கிக்கர் உதைத்துக் கால் வீங்கினவர்களுக்கு இது நல்லாவே புரியும். லேட்டாக வந்தால் இழுவை இருக்காது, சூடு ஏறும். அந்தக் கால பைக்குகளில் இதை ஹேண்டில்பாரில் ஒரு லீவரை வைத்து ஓட்டுகிறவரே கூட்டிக் குறைப்பார்.

மூன்றாவது பெட்ரோல், காற்றுக் கலவை. கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கணும். கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்திருந்தால் காற்று அதிகம், இன்ஜின் வெந்துவிடும். காபித்தூள் நிறத்தில் இருந்தால் சரி.

நான்காவது பொறுமை. புது ரிங்கும் சிலிண்டரும் ஒன்றோடு ஒன்று பழகணும். அதுவரைக்கும் முறுக்கக் கூடாது, ஓவர் லோடு ஏற்றக் கூடாது.

இதில் எதையும் மனப்பாடம் செய்து பாஸ் ஆக முடியாது. சத்தம், சூடு, புகை, நிறம் என்று இன்ஜின் கொடுக்கிற பதிலைப் படிக்கத் தெரியணும். நாயுடு மெக்கானிக் ஆனது இந்தப் பள்ளிக்கூடத்தில்தான்.

பைக்கில் இருந்து பஸ்ஸுக்கு

நடுவில் திருப்பூரில் பருத்தித் தொழில் செய்தார். பம்பாய் பருத்தி வியாபாரத்தில் இறங்கிச் சம்பாதித்ததை இழந்தார். திரும்ப இன்ஜின் பக்கமே வந்தார். 1920-ல் கோவைத் தொழிலதிபர் ராபர்ட் ஸ்டேன்ஸின் உதவியோடு ஒரு பஸ் வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டினார். அந்த ஒரு பஸ்தான் பிறகு யு.எம்.எஸ். என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது.

1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து, இந்தியாவில் தயாரான முதல் மின் மோட்டாரைக் கோவை பீளமேட்டில் வெளியே கொண்டுவந்தார். இன்று பம்ப்செட், மோட்டார் என்றாலே கோவை ஞாபகம் வருகிறது இல்லையா, அதன் ஆரம்பப் புள்ளிகளில் இதுவும் ஒன்று. பேட்டரியில் ஓடும் ரேசன்ட் ஷேவிங் மெஷினும் இவர் உருவாக்கியதுதான்.

எங்கே முட்டியது?

1945-ல் சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் கோவையில் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்படக் காரணமாக இருந்தார். அந்தக் கல்லூரிதான் இன்றைய ஜி.சி.டி. பொறுப்பில் இருந்தபோது அவர் வைத்த வாதம் நேரானது: 4 வருடப் படிப்பு நேர விரயம், செய்து பழகினால் 2 வருடம் போதும். அரசு ஏற்கவில்லை. அவர் விலகிவிட்டார்.

1952-ல் இரண்டு பேர் போகக்கூடிய பெட்ரோல் காரை உருவாக்கினார். விலை வெறும் 2,000 ரூபாய். அரசு லைசென்ஸ் கொடுக்காததால் தயாரிப்பு நின்றது.

இந்த இரண்டு தோல்விகளுக்கும் பொதுவான ஒன்று இருக்கிறது. இன்ஜின் தப்பாக ஓடினால் காரணத்தை அதுவே காட்டிக்கொடுக்கும், திருத்திவிடலாம். ஃபைலில் நிற்கிற காருக்கு டியூனிங் பண்ண எந்த ஸ்க்ரூவும் இல்லை. கையால் கற்றவருக்குக் கையால் சரிசெய்ய முடியாத இடம் அதுதான். நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. 2,000 ரூபாய் காருக்காகக் காத்திருந்திருக்கக்கூடிய ஊருக்கும்தான்.

1974 ஜனவரி 4 அன்று நாயுடு மறைந்தார். அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகம் அவிநாசி சாலையில் இருக்கிறது.

சர்டிஃபிகேட் தேவையே இல்லை என்று சொல்லும் கதை இல்லை இது. கல்லூரி வரக் காரணமாக இருந்ததே அவர்தான். அவர் கேட்டதெல்லாம், படித்து முடித்தவர் பூட்டிய இன்ஜின் ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பது மட்டுமே. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக், இன்ஜினியரிங் எது படித்தாலும் அந்தப் பரீட்சை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.